ஒன்பதாம் நம்பர் கேஜ்

20 அக்டோபர் 1986, திங்கள்

பழைய நோட்டு முடிந்துவிட்டது. நாற்பது பக்கம் கேட்டால் கடைக்காரன் எண்பது பக்க நோட்டைத் தலையில் கட்டிவிட்டான். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான். அதற்குள் நிரம்புமா என்பது சந்தேகம்.

புது நோட்டு என்பதால் முறையாகத் தொடங்குகிறேன். ஞானாபரணம், வயது ஐம்பத்தேழு, செங்குழி அணையில் கேஜ் ரீடர். அணைச் சுவரின் வயிற்றுக்குள் ஒரு சுரங்கப்பாதை ஓடுகிறது. நாங்கள் கேலரி என்போம். அதன் உட்சுவரில் ஒன்பது அழுத்தக் கேஜ்கள் இருக்கின்றன. ஏரித் தண்ணீர் என்ன பலத்தோடு தள்ளுகிறது என்பதை, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அவை காட்டும். வெள்ளைக்காரன் மாட்டிவிட்டுப் போனவை. நாடு கிலோவுக்கும் மீட்டருக்கும் மாறி எத்தனையோ வருடமாகியும் கேலரிக்குள் பவுண்டுதான்.

ஆனால் ஏரி மட்டத்தை மேலே அடியில் சொல்கிறோம். ஆகவே பவுண்டை அடியாக்கி எழுத வேண்டும். 2.31ஆல் பெருக்க வேண்டும். எனக்குக் கால்குலேட்டர் தேவையில்லை. எண்ணை இரண்டால் பெருக்கு, அதோடு அதே எண்ணில் மூன்றில் ஒரு பங்கைச் சேர், வந்ததில் நூற்றுக்கு ஒன்று கழி. நானாகக் கண்டுபிடித்த வழி. முப்பது வருட ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் ஓர் அடித்தல் கிடையாது. இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

இன்று ஏரி 71 அடி. ஒன்பது கேஜும் எழுதி முடித்தேன். எல்லாம் இயல்பு. மாலையில் கோழிக்கூட்டுக் கதவைச் சரிசெய்தேன். என் மனைவி ரூபாவதி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

21 அக்டோபர், செவ்வாய்

புது ஜூனியர் இன்ஜினியர் வந்துவிட்டார், ஜே.இ. என்போம். மங்கையர்க்கரசி, சிவகங்கைப் பக்கம், இருபத்தாறு வயதிருக்கும். வந்ததும் நாற்காலியைத் துடைக்கச் சொல்வார் என்று பார்த்தால், ரிஜிஸ்டரைக் கேட்டார். நின்றபடியே முக்கால் மணி நேரம் புரட்டினார்.

“ஐயா, எட்டு கேஜும் ஏரி மட்டத்துக்கு ஒண்ணு ரெண்டு குறைச்சலா, முன்னப்பின்ன இருக்கு. அதுதான் சரி. ஒன்பதாவது மட்டும் ஏரியோட தசமப் புள்ளி வரைக்கும் ஒட்டுதே?”

“நல்ல கேஜும்மா அது.”

“நீங்க அதைப் பாத்தீங்களா, எழுதுனீங்களா?”

சுருக்கென்றது. பார்த்துத்தான் எழுதுகிறேன் என்றேன். அவர் ரிஜிஸ்டரை மூடி வைத்தார். ஒன்பதாம் பகுதியில் வடிகால் துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைத்திருக்கிறது, ஆட்களை இறக்கிச் சுத்தம் செய்யப் போகிறேன், அதற்குமுன் அந்தக் கேஜை இரண்டு மூன்று நாளைக்கொரு தரம் நன்றாகப் பார்த்து எழுதுங்கள் என்றார். சின்னப் பெண், ஆனால் கண் கூர்மை.

22 அக்டோபர், புதன்

இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதிவிடுகிறேன். ஒன்பதாம் நம்பர் பக்கம் நான் போய்ப் பதினோரு வருடமாகிறது.

எழுபத்தைந்தில் அதன் குழாய் அடைத்துக்கொண்டு முள் பூஜ்யத்தில் நின்றுவிட்டது. சொன்னேன். அப்போதிருந்த ஜே.இ., “அத நோண்டணும்னா ஏரிய இறக்கணும் வே. பேசாம ஏரி மட்டத்த வச்சு கணக்குப் போட்டு எழுதும்” என்றார். எழுதினேன். அடியை 2.31ஆல் வகுத்தால் பவுண்டு கிடைக்கும். அதே பவுண்டை 2.31ஆல் பெருக்கினால் திரும்பவும் அடி. இந்தக் கணக்கு என்றைக்கும் பிசகாது. பிறகு அந்த ஜே.இ. மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முழங்கால் வலியும் சேர்ந்துகொண்டது.

இன்று மாடக்கண்ணுவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். மாடக்கண்ணு இங்கே பம்பு ஆபரேட்டர். கேலரியில் கசிகிற தண்ணீரை மோட்டார் போட்டு மேலேற்றுவது அவன் வேலை. இருபது வருடப் பழக்கம். எட்டாம் நம்பரைத் தாண்டி நாற்பது படி கீழே இறங்க வேண்டும். என் முழங்காலைப் பார்த்து முன்னால் போய்த் தோளைக் கொடுத்தான்.

எட்டு வரைக்கும் தவளைச் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. சொட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது. காது அடைத்துக்கொண்டது, மலைப்பாதையில் பஸ் இறங்கும்போது அடைக்குமே, அப்படி.

“அண்ணாச்சி, காது அடைக்குதா ஒங்களுக்கு?” என்றான் மாடக்கண்ணு. அப்படியானால் எனக்கு மட்டுமில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் இல்லை. 34இல் நின்றது.

முப்பத்துநான்கு பவுண்டு என்றால் எழுபத்தெட்டரை அடி. ஏரியோ 72. கேஜ் ஏரியைவிடக் குறைவாகக் காட்டலாம், கூடுதலாகக் காட்ட வழியே இல்லை. தண்ணீரே இல்லாத உயரத்திலிருந்து தண்ணீர் எப்படி அழுத்தும்? கேஜ் கெட்டிருக்கிறது என்று முடிவு செய்து, ரிஜிஸ்டரில் 31.2 என்று எழுதினேன். 72 அடிக்கு அதுதான் கணக்கு.

27 அக்டோபர், திங்கள்

மழை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் இல்லை. ஏரி 76. ஒன்பதாம் நம்பர்: 38. அதாவது 87 அடி 9 அங்குலம். ரிஜிஸ்டரில் 32.9.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தேன். சிக்கிக்கொண்ட முள்ளாக இருந்தால் தட்டினால் குதிக்கும். இது அசையவில்லை.

31 அக்டோபர், வெள்ளி

நாளை தீபாவளி. அலுவலகத்தில் யாருமில்லை. இன்று காலை 43. தொண்ணூற்றொன்பது அடி. ஏரி 79.

இந்த கேஜ் இதற்குமுன் இப்படிச் செய்திருக்கிறதா என்று பார்க்கலாமென்று தகர அலமாரியைத் திறந்தேன். நாற்பதுகளின் ரிஜிஸ்டர்களைக் கரையான் விட்டுவைத்திருந்தது. அப்போது கேஜ் ரீடர் பி. சுடலையாண்டி. நான் சேரும் முன்பே இறந்துவிட்டார்; கையெழுத்து மட்டும் தெரியும். அழகான கையெழுத்து.

1949, அக்டோபர். ஒன்பதாம் நம்பர் கட்டத்தில் மசியில் ஏரி மட்டத்துக்குச் சரியான எண். அதன் ஓரத்தில், நகக்கண் அளவுக்குப் பென்சிலில் வேறொரு எண். 22ஆம் தேதி 34. 27ஆம் தேதி 38. 31ஆம் தேதி 43.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். 34, 38, 43.

பக்கத்தைத் திருப்பினேன். நவம்பர் 5இல் 49. நவம்பர் 8இல் 53. 11இல் 57. 12இல் 61. எல்லாம் பென்சில். மசியில் எல்லாம் இயல்பு. 12ஆம் தேதிக்குப் பிறகு கையெழுத்தே வேறு. அந்த ஆள் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதியிருக்கிறான்: ஒன்பதாம் பகுதியில் வடிகால் சுத்தம் செய்துகொண்டிருந்த நால்வர், முற்பகல் பதினொன்று மணியளவில் திடீர் நீர்ப்பாய்ச்சலால் மரணம். அன்றைய கேஜ் அளவுகள் யாவும் இயல்பாக இருந்தன. ஆகவே முன்கூட்டி அறிய வாய்ப்பில்லை.

சுடலையாண்டிக்கு அறிய வாய்ப்பிருந்தது. அவர் அதைப் பென்சிலில் எழுதியிருக்கிறார்.

1 நவம்பர், சனி

மாடக்கண்ணு வீட்டிலிருந்து அதிரசமும் முந்திரிக்கொத்தும் வந்தன. அவன் மனைவி பேச்சியம்மாள்தான் கொண்டுவந்தாள். நாங்கள் கிறிஸ்துமஸுக்கு அனுப்புவோம், அவர்கள் தீபாவளிக்கு. ரூபாவதி, “என்ன, ஒரு வாரமா சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீய? மேலுக்கு முடியலயா?” என்றாள். முழங்கால் என்றேன்.

5 நவம்பர், புதன்

கேஜை மாற்றிப் பார்த்துவிடுவது என்று போனேன். ஸ்டோரில் ஒரே ஒரு உதிரி கேஜ்தான் இருந்தது. அதுவும் பவுண்டு கேஜ் அல்ல. பாதரச அங்குலத்தில் காட்டுவது. ஏதோ பழைய பம்புக்காக வாங்கியதாம். நல்லதாயிற்று என்று நினைத்தேன். வேறு கேஜ், வேறு அளவு. பழையது பொய் சொல்கிறதென்றால் இது காட்டிக்கொடுத்துவிடும்.

மாடக்கண்ணு டார்ச் பிடிக்க, அடைப்பானை மூடிவிட்டுப் பழைய கேஜைக் கழற்றினேன். அது அப்போது 49இல் நின்றது. பிறகு குழாய் வாய்க்குக் கீழே வாளியை வைத்து அடைப்பானை மெல்லத் திறந்தேன். நாற்பத்தொன்பது பவுண்டுக்குத் தண்ணீர் எதிர்ச்சுவரில் போய் அடிக்க வேண்டும். ஒரு சொட்டு வரவில்லை. குழாய் எலும்பாகக் காய்ந்து கிடந்தது. விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். உள்ளேயிருந்து யாரோ என் விரலை மெதுவாக, மரியாதையாக, வெளியே ஒதுக்கினார்கள். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

“காத்தா அண்ணாச்சி?” என்றான் மாடக்கண்ணு.

“ஆமா, காத்துதான்.”

உதிரி கேஜைத் திருகினேன். முள் ஏறியது. நாற்பது, அறுபது, எண்பது. நூறில் நின்றது. நூறு அங்குலப் பாதரசம். பவுண்டாக்க வேண்டுமென்றால் பாதியாக்கி நூற்றுக்கு இரண்டு கழிக்க வேண்டும். பாதி ஐம்பது, கழிக்க வேண்டியது ஒன்று.

நாற்பத்தொன்பது.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை விதமாக மாற்றிப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பவுண்டில் 49 என்பது சின்ன எண்ணாகத்தான் படுகிறது. அடியில் 113; ஏரியோ 83தான். டன்னில் பார்த்தால், ஒவ்வொரு சதுர அடிக்கும் மூன்று டன்னுக்கு மேல். நான் சாய்ந்திருந்த சுவரில் ஒரு தாம்பாளத்தளவு இடத்துக்குக் கோயில் யானை ஒன்றின் பாரம். சட்டென்று முதுகை எடுத்துக்கொண்டேன்.

“கேஜு என்ன சொல்லுது?” என்றான் மாடக்கண்ணு. அவனுக்கு முள் தெரியும், கணக்குத் தெரியாது.

“பழசுதான் நல்ல கேஜு. அதையே மாட்டிருவோம்” என்றேன். ரிஜிஸ்டரில் 35.9 எழுதினேன்.

7 நவம்பர், வெள்ளி

ஜே.இ. கூப்பிட்டார். வடிகால் வேலைக்குக் காண்டிராக்ட் ஆட்கள் நாலு பேர் கிடைத்துவிட்டார்களாம். ஏரி 90ஐத் தொட்டுவிட்டால் ஆளை இறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே அதற்குள் முடிக்க வேண்டும். புதன்கிழமை, 12ஆம் தேதி என்றார்.

நான் அவரிடம் எந்தத் தேதியும் சொன்னதில்லை. அந்த 49ஆம் வருட ரிஜிஸ்டரை அவர் பார்த்ததும் இல்லை.

“தள்ளிப் போடலாமேம்மா. மழை நின்னப்புறம்...”

“ஏன்யா? கேஜ் ஏதாவது வித்தியாசமா காட்டுதா?”

மேசைமேல் ரிஜிஸ்டர் திறந்து கிடந்தது. 31.2, 32.9, 34.2, 35.9. என் கையெழுத்து, சுத்தமாக, அடித்தல் இல்லாமல். வித்தியாசமாகக் காட்டுகிறது என்று சொன்னால் இது என்ன என்று கேட்பார். இது என்ன என்று சொன்னால் பதினோரு வருடமும் என்ன என்று கேட்பார். ஏழு மாதத்தில் மாலை போட்டு அனுப்ப வேண்டிய ஆளைப் பொய்க்கணக்கு ஞானாபரணம் என்று அனுப்புவார்கள்.

“இல்லம்மா. இயல்புதான்.”

இயல்புதான் என்றேன்.

8 நவம்பர், சனி

53. அதாவது 122 அடி. நீர் தேக்குகிற முழு அளவே 118தான். ரிஜிஸ்டரில் மசியில் 36.8. ஓரத்தில் பென்சிலால் 53 என்று எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. எழுதிய பிறகு மனம் கொஞ்சம் இலேசானது. சுடலையாண்டிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அதுதான் பயமாக இருக்கிறது.

9 நவம்பர், ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. பாவ அறிக்கையின்போது எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன்.

11 நவம்பர், செவ்வாய்

57. அதாவது 131 அடி 8 அங்குலம். அணையின் தலைச் சுவரே 126 அடி. அணையைத் தாண்டி ஆறடி உயரத்துக்கு ஒரு தண்ணீர் நிற்கிறது. மேலே ஏறி அந்தத் தலைச் சுவரில் நின்று ஏரியைப் பார்த்தேன். 88 அடியில் அமைதியாகக் கிடக்கிறது, இரண்டு நாரை உட்கார்ந்திருக்கிறது. அந்த இன்னொரு தண்ணீர் என் தலைக்கு மேலே எங்கேயோ நின்றுகொண்டிருப்பதாகப் பட்டது. அண்ணாந்து பார்க்கக்கூடச் செய்தேன். வானம்தான்.

நாலு பேரையும் பார்த்தேன். ஓட்டப்பிடாரம் பக்கத்து ஆட்கள். ஒருத்தன் புது மாப்பிள்ளை போலிருக்கிறது, கையில் காப்பு நூல். நாளைக்கு எத்தனை மணிக்கு இறங்கணும் பெரியவரே என்று கேட்டான். ஒன்பது மணிக்கு என்றேன்.

ஒரு யோசனை வந்திருக்கிறது. யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ளாமலே இவர்களை மேலே கொண்டுவந்துவிடலாம். பதினொன்றுக்குத்தானே? அதற்குப் பத்து நிமிடம் முன்னால் மேலே வந்துவிட்டால் போதும்.

12 நவம்பர், புதன். காலை

ஏழரைக்கே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். 61. முள் நடுங்கவில்லை. கண்ணாடி கைக்குச் சூடாக இருந்தது.

ரூபாவதி இட்லி கட்டிக் கொடுத்தாள். மழை இல்லை.

14 நவம்பர், வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

புதன்கிழமை ஒன்பதுக்கு நாலு பேரும் இறங்கினார்கள். கம்பியால் துளைகளைக் குத்திக் கிளறினார்கள். சுண்ணாம்பு கட்டி கட்டியாக விழுந்தது. பத்தே முக்காலுக்கு நான் இறங்கினேன். முள் 61க்குச் சற்று மேலே. காதடைப்பில் அவர்கள் பேசுவதே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

“ஏ, எல்லாரும் மேல வாங்க. டீ வந்திருக்கு. ஜே.இ. அம்மா கூப்பிடுதாவ” என்றேன்.

பொய்தான். டீயும் வரவில்லை, அவர் கூப்பிடவும் இல்லை. கம்பிகளைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். டீ என்றால் வராமல் இருப்பார்களா? நான் கடைசியாக வந்தேன். எட்டாம் நம்பர் தாண்டியதும் அவர்கள் பெரிய படிவழியே மேலே போனார்கள். நான் பக்கத்தில் மதகு அறைக்குப் போகிற சின்னப் படியில் திரும்பினேன். மேலே போனால் ஜே.இ., “நான் எங்கே கூப்பிட்டேன்?” என்று கேட்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பதினொன்று கழியட்டும், பிறகு போய் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று மதகு அறையில் ஒரு எண்ணெய் டப்பாமேல் உட்கார்ந்திருந்தேன். மணி பத்து ஐம்பத்தைந்து. நாலு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தையும் எழுத வேண்டும்.

மேலே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நாலு பேரும் டீ எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். மாடக்கண்ணு மோட்டார் பக்கத்திலிருந்து வந்து, டீயா, யாரு சொன்னா என்றிருக்கிறான். கேஜ் பெரியவர்தான் வந்து கூப்பிட்டார் என்றிருக்கிறார்கள்.

“அண்ணாச்சி எங்க?”

“எங்க பின்னாலதான் வந்தாரு. காணோம்.”

“முழங்கால் மடங்கிப் படியில உக்காந்துருப்பாரு. இருங்க, கூட்டியாரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான்.

பதினொன்று ஐந்துக்கு அது நடந்தது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த டப்பா ஒரு முறை அதிர்ந்தது. பிறகு படிவழியாகக் காற்று வந்தது. காய்ந்த, சுண்ணாம்பு மணக்கிற காற்று. என் காது பட்டென்று திறந்துகொண்டது. அப்போதுதான் மேலே யாரோ “மாடக்கண்ணு” என்று கத்துவது கேட்டது.

கேலரியில் இடுப்பளவு தண்ணீர். குத்திக் கிளறிய துளைகளில் ஒன்று வெடித்துத் திறந்திருந்தது. அதிலிருந்து இப்போது ஒன்றும் வரவில்லை. அவன் ஒன்பதாம் நம்பருக்குக் கீழே கிடந்தான். டார்ச் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது. கடைசிப் படிவரைக்கும் போய்த் தேடியிருக்கிறான்.

முள் பூஜ்யத்தில் நின்றது. ஏரி அன்று மாலை அளந்தபோது 88 அடி 4 அங்குலம். காலையிலும் அதே 88 அடி 4 அங்குலம். கேலரியை நிரப்பிய தண்ணீர் ஏரியிலிருந்து வரவில்லை.

ஏன் இப்படிச் செய்தேன் என்று நூறு தடவை கேட்டுக்கொண்டேன். கீழே இறங்கியபோதே “பயமா இருக்கு, வாங்க” என்று சொல்லியிருக்கலாம். ஜே.இ. முன்னால் நின்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். அல்லது அந்த நாலு பேரோடு மேலே போய் நின்றிருந்தால்கூடப் போதும். நின்றிருந்தால் போதும்.

17 நவம்பர், திங்கள்

மேலதிகாரி ஒருவர் முன்விசாரணைக்கு வந்தார். தங்க பிரேம் கண்ணாடி. ஒன்பதாம் நம்பர் கேஜைக் கழற்றச் சொல்லிக் குழாய்க்குள் நீளக் கம்பியை விட்டுப் பார்த்தார்கள். மூன்றடிக்கு அப்பால் கெட்டிச் சிமெண்ட். ஏரிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. எப்போது யார் அடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. “அப்போ இந்த கேஜ் எதைக் காட்டிக்கிட்டிருந்தது?” என்று ஜே.இ. கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

அதிகாரி ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினார். கேஜ் ஏரி மட்டத்தைத்தானே காட்டியிருக்கிறது, குழாய் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். ஓரத்துப் பென்சில் எண்கள் அவர் கண்ணில் படவில்லை. அத்தனை சிறிதாக எழுதியிருக்கிறேன்.

“ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க. எல்லாம் இயல்பு. நல்லது.”

பிறகு குமாஸ்தாவிடம் வாசகம் சொன்னார். முன்கூட்டி அறிய வாய்ப்பில்லை. மற்றவர்கள் மேலே வந்த பிறகு, பம்பு ஆபரேட்டர் மாடக்கண்ணு உரிய அனுமதியின்றித் தன் பொறுப்பில் கீழே இறங்கியதால் நேர்ந்த மரணம். வியாழக்கிழமை முறையான விசாரணை, அன்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஜே.இ. எழுந்து, “சார், அவங்களை மேலே நான் கூப்பிடலை. யார் கூப்பிட்டதுன்னு விசாரிக்கணும்” என்றார். அதிகாரி, உங்களுக்கு எதற்கு வம்பு, நல்லவேளை நாலு பேரும் பிழைத்தார்களே என்று பாருங்கள் என்றார்.

வெளியே வந்ததும் ஜே.இ. என் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. “ஐயா, கேஜ் உண்மையிலே என்ன காட்டுச்சு?”

“இயல்புதாம்மா” என்றேன்.

இதைச் சொன்னதும் நான்தான்.

19 நவம்பர், புதன்

இன்று மாலை நாலு மணிக்குப் பேச்சியம்மாள் வந்தாள். தீபாவளிக்கு வந்த அதே வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. ரூபாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேச்சியம்மாள் அழவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அவுக ஏன் திரும்பக் கீழ போனாவ?”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“எல்லார்ட்டயும் கேட்டுட்டேன். அந்த நாலு பேர்ட்ட கேட்டேன், ஒங்களத் தேடிப் போனாருன்னு சொல்லுதானுவ. ஆபீசுல கேட்டா, அப்படியெல்லாம் இல்ல, அனுமதி இல்லாம எறங்கிட்டாருன்னு எழுதியிருக்காவளாம். இருவது வருசத்துல அவுக சொல்லாமக் கொள்ளாம ஒரு மோட்டார நிறுத்துனதில்ல. நீங்களே சொல்லுங்க. ஒங்களத் தேடியா போனாவ?”

“ஆமா தாயி. என்னத் தேடித்தான் போனான்.”

“நீங்க அப்ப எங்க இருந்தீய?”

“மேல. மதகு ரூம்ல. அங்கன உக்காந்திருந்தேன்.”

“அடிபட்டா?”

“இல்ல.”

“முடியாமயா?”

“இல்ல தாயி. ஒளிஞ்சு உக்காந்திருந்தேன்.”

ரூபாவதி அவள் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். 34லிருந்து 61வரை, பென்சில், மசி, டீ, எல்லாம். சொல்ல இருபது நிமிடம் ஆனது. பேச்சியம்மாளுக்குப் பவுண்டும் புரியவில்லை, அடியும் புரியவில்லை. புதன்கிழமை பதினொன்றுக்கு அங்கே ஆபத்து என்று பன்னிரண்டு நாள் முன்பே எனக்குத் தெரியும் என்பது மட்டும் புரிந்தது.

அடிப்பாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“நாளைக்கு அங்கன வந்து இத அப்படியே சொல்லுவீயளா?”

“சொல்லுவேன்.”

“நீங்க சொல்ல மாட்டீய அண்ணாச்சி. அந்த எடத்துல போயி நின்னா ஒங்களுக்கு வாய் வராது. அதனால நானும் வாரேன். ஒங்களுக்கு எதுத்தாப்புல நிப்பேன். நீங்க வேற யாரையும் பாக்காண்டாம். என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

விசாரணை காலை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கே வந்துவிடுவேன், சேர்ந்து போவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.